‘நனைந்த டிக்கெட்’டில் மூச்சு முட்டும் இடம்

முதலிடம் எந்தப் பாட்டுக்கு என்று எங்கள் அலுவலகத் திரையில் வந்தபோது என் கையிலிருந்த தேநீர் மடியில் கொட்டிவிட்டது. நல்ல சூடு. ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் நனைந்த கால்சட்டையோடு எழுந்து நின்று கைதட்டினேன். வேறென்ன செய்ய?

எங்கள் ராக் இசைக்குழுவின் பெயர் தொரோபுனே. மண் படகு என்று பொருள். தண்ணீரில் இறக்கினால் கரைந்துவிடும் என்று தெரிந்தே கேலிக்கு வைத்த பெயர். கரைந்தபாடில்லை, முப்பத்தைந்து வருஷமாக மிதக்கிறது. அந்த முப்பத்தைந்தாம் ஆண்டு விழாவுக்காகத்தான் ரசிகர்களிடம் வாக்கெடுப்பு வைத்தோம். எங்கள் பாட்டுகளில் எது பிடிக்கும், சொல்லுங்கள். அதிக வாக்கு வாங்கும் பாட்டுகளை யோக்கோஹாமா அரங்கில் பாடுகிறோம் என்று அறிவித்திருந்தோம். ‘திங்கட்கிழமைக்குத் தீ வை’தான் முதலிடம் வரும் என்று அலுவலகத்தில் எல்லோரும் என் காதில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் எழுதி நான் பாடிய பாட்டு. வேலைக்குப் போகிற ஊரில் அது தோற்குமா என்று நானும் மிதப்பில் இருந்தேன். அது இரண்டாவது வந்தது.

முதலிடம் ‘நனைந்த டிக்கெட்’. அது நான் குழுவில் சேர்வதற்கு முன்பு குரே ஹிதெனோரி பாடியது.

நான் தொகிதா. குரே விலகிப் போன பிறகு பாட வந்தவன். வந்து இருபத்தேழு வருஷமாகிறது. தலை நரைத்துவிட்டது, மூட்டு வலிக்கிறது. ஆனாலும் ரசிகர்களில் பாதிப் பேருக்கு நான் இன்னும் ‘புதுப் பாடகன்’தான். குரே எட்டு வருஷம் பாடினார். நான் பாடியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அவர் அவர்தான், நான் நான்தான். காரணம் ஒரே ஒரு இடம்.

‘நனைந்த டிக்கெட்’டின் கடைசிச் சரணத்தில், மழையில் நனைந்த ரயில் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவன் ‘வா’ என்று கூப்பிடுவான். அந்த ‘வா’வை குரே நீட்டுவார். நீட்டுவார் என்றால், கேட்கிறவனுக்கு மூச்சு முட்டும்வரை. கிடார் நின்றுவிடும், டிரம் நின்றுவிடும், அந்தக் குரல் மட்டும் ஆடாமல் அசையாமல் நீண்டுகொண்டே போகும். இந்த நாட்டில் கல்யாண வீடுகளிலும் பள்ளி வழியனுப்பு விழாக்களிலும் அந்த இசைத்தட்டைப் போட்டு எத்தனை பேர் அழுதிருக்கிறார்கள் என்று கணக்கே இல்லை.

என்னால் அதைப் பாட முடியாது. என் முதல் மேடையிலேயே பாதியில் மூச்சு தீர்ந்துபோய்க் குரல் அறுந்தது. அதுவரை ‘இவன் யார்?’ என்று கையைக் கட்டிக்கொண்டு நின்ற கூட்டம், என்ன தோன்றியதோ, விட்ட இடத்திலிருந்து தானே பாடி முடித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றிலிருந்து எல்லாக் கச்சேரியிலும் அப்படித்தான். ‘வா’ என்று தொடங்குவேன், நிறுத்துவேன், மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டுக் குனிவேன். ரசிகர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். நன்றியாவது ஒன்றாவது! வெட்கம். சுத்தமான வெட்கம்.

அதைவிட வேதனை ஒன்று உண்டு. எங்கள் குழுவின் தலைவர், கிடார் வாசிக்கும் இபுகா அண்ணன், வாயைத் திறந்தால் குறை மட்டுமே சொல்பவர். “உன் செருப்புச் சத்தம்கூட தாளத்துல இல்லடா” என்று ஒருமுறை சொன்னவர். அப்படிப்பட்டவர் அந்த இடத்தைப் பற்றி மட்டும் இந்த இருபத்தேழு வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நொண்டியை ஏன் நொண்டுகிறாய் என்று யாராவது கேட்பார்களா? அப்படித்தான் அவரும் விட்டுவிட்டார் என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு மேலாளர் ஹடானோ அம்மா ரசிகர்கள் வாக்கோடு எழுதியனுப்பியவற்றில் ஒன்றைப் படித்தார். “‘சாவதற்குள் அந்த நீட்டலை முழுசா ஒருதடவை நேர்ல கேட்டுடணும்.’ இதே மாதிரி நிறையப் பேர் எழுதியிருக்காங்க.” படித்த பிறகுதான் நான் அங்கே இருப்பது அவருக்கு நினைவு வந்தது. காகிதத்தை மடித்து அடியில் வைத்துவிட்டார்.

இபுகா அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அந்த ஒரு பாட்டுக்கு குரேவைக் கூப்பிடலாமா?”

ஒரே ஒரு பாட்டுதான். ஆனால் அவர் வந்து அந்த ‘வா’வை முழுசாக நீட்டிவிட்டுப் போனால், அதற்குப் பிறகு எந்த முகத்தோடு நான் அதே மேடையில் நிற்பேன்? இருபத்தேழு வருஷமாக நான் சமாளித்தேன் என்பது ஒரே நிமிஷத்தில் ஊருக்கே தெரிந்துவிடும்.

“நானே போய்க் கூப்பிடுறேன் அண்ணே” என்றது என் வாய். பெரியவரை அழைக்கச் சின்னவன்தான் நேரில் போகவேண்டும். நரைத்தாலும் குழுவில் சின்னவன் நான்தானே.

குரே இப்போது எஹிமே கடற்கரையில் மிக்கான் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருக்கிறார். போனில் கூப்பிட்டபோது, “மத்தியானம் ஸ்டேஷன் பக்கத்துல கரோக்கே கடைக்கு வந்துடு, அங்கதான் இருப்பேன்” என்றார். இசையை ஓடவிட்டு யார் வேண்டுமானாலும் மைக் பிடித்துப் பாடுகிற கரோக்கே கடையிலா? இருபத்தேழு வருஷமாகப் பேட்டி கொடுக்காத, மேடை ஏறாத, பாட்டையே துறந்துவிட்டார் என்று ரசிகர்கள் காவியம் பாடுகிற குரேவா?

டோக்கியோவில் வாங்கிய யோகான் இனிப்பைப் பையில் எடுத்துக்கொண்டேன். செங்கல் கனம் கனக்கும் பயற்றுக் களி. பெரிய உதவி கேட்கப் போகும்போது கொடுக்கிற இனிப்பு. உள்கடலின் மேல் பாலத்தைத் தாண்டி, மலைச்சரிவெல்லாம் ஆரஞ்சு காய்த்துக் கிடந்த பாதையில் ரயில் போயிற்று. வழியெல்லாம் அழைப்பு வாசகத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். நடுவில் எங்காவது குரலில் எரிச்சல் தட்டியதென்றால் மறுபடி முதலிலிருந்து. கடைசிவரை தட்டிக்கொண்டேதான் இருந்தது.

கடைக்குள் நாலு பெண்கள் இருந்தார்கள், எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். காபியும் ஊறுகாயும் மேஜையில். கடைக்காரி நொபுயே அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“டிவில வர்றவர் மாதிரி இருக்கே?”

“மாதிரி என்ன, அவரேதான்” என்றார் இன்னொருவர். “நேர்ல குள்ளம்.”

“டிவில எல்லாரும் உசரமாத்தான் தெரிவாங்க. உக்காரு தம்பி, ஊறுகாய் எடுத்துக்கோ.”

மூலையில் ரப்பர் பூட்ஸும் கழுத்தில் துண்டுமாக உட்கார்ந்திருந்த வழுக்கைத் தலைக்காரர் எழுந்தார். நகமெல்லாம் ஆரஞ்சுத் தோல் உரித்து மஞ்சளேறி இருந்தது. குரே! இடுப்புவரை வெள்ளிச் சாயமிட்ட முடி தொங்க, சுவரொட்டிகளில் தெய்வம் போல நின்ற அந்த குரே! கும்பிடு போட்டு யோகானை நீட்டினேன்.

“இவ்ளோ கனமா வாங்கிட்டு வந்திருக்கியே, ஏதோ பெரிய விஷயம்தான்” என்று சிரித்தார். “இரு, என் முறை வந்துடுச்சு. பாடிட்டு வந்துடறேன்.”

திரையில் பாட்டின் பெயர் வந்தது. ‘நனைந்த டிக்கெட்’.

என் கை தானாக மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. இருபத்தேழு வருஷமாக என்னைத் தூங்கவிடாத அந்த நீட்டலை இதோ மூன்றடி தூரத்தில், ஊறுகாய்த் தட்டுக்கு முன்னால் கேட்கப் போகிறேன். அவர் பாடத் தொடங்கினார். குரல் தாழ்ந்திருந்தது, ஓரங்களில் கொஞ்சம் உடைந்திருந்தது. ஆனால் அதே குரல். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. கடைசிச் சரணம் வந்தது. மழை, டிக்கெட், நிற்கிறவன். “வா...”

நிறுத்தினார். மைக்கை நாலு பெண்கள் பக்கம் நீட்டினார். தலையைக் குனிந்துகொண்டார்.

நாலு பேரும் பாடினார்கள். ஒருத்திக்கு மூச்சு தீரும்போது இன்னொருத்தி பிடித்துக்கொண்டாள். அவள் விடும்போது மற்றவள் திரும்பச் சேர்ந்தாள். ‘வா’ அறுபடவே இல்லை. கடைசி எல்லைவரை போய் முடிந்தது. பாடியதற்கு இயந்திரம் மதிப்பெண் போட்டது: நூற்றுக்கு அறுபத்தெட்டு.

“ஒவ்வொரு தடவையும் இதே மார்க்குதான்” என்று நொபுயே அம்மா அலுத்துக்கொண்டார். “நீட்டற இடத்துல நீட்ட மாட்டேங்கிறாரு. மெஷின் திட்டுது.”

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. மைக்கை நீட்டுகிற விதம், குனிகிற விதம், அச்சு அசல் நான்! அத்தனை தூரம் வந்தவனை ஊர்ப் பெண்கள் முன்னால் இப்படியா நையாண்டி செய்வது? பெரியவர், சின்னவர் எல்லாம் மறந்துபோயிற்று.

“என்னைக் கேலி பண்றீங்களா?”

குரே திகைத்துப் போனார். “கேலியா? எதுக்குடா?”

“அந்த இடத்துல நிறுத்தறது, குனியறது... என்னை மாதிரியே செஞ்சு காட்டறீங்களே!”

“பாட்டே அப்படித்தானே?” நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். “உன் கச்சேரி டிவில வரும்போதெல்லாம் பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டது. நிறுத்தி, இவங்ககிட்ட கொடுத்து... எதுக்குக் குனியறேன்னுதான் புரியல. ஆனா பார்க்க நல்லா இருந்துச்சா, நானும் குனியறேன்.”

“உங்க பாட்டு அண்ணே அது! நீங்க முழுசா நீட்டின பாட்டு! என்னால நீட்ட முடியல. மூச்சு பத்தல. அதனாலதான் விட்டேன். வெக்கம் தாங்காமத்தான் குனிஞ்சேன்!” ஊறுகாய் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலு பேர் முன்னால், இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததைக் கத்திவிட்டேன்.

குரே மெதுவாக என் எதிரே உட்கார்ந்தார்.

“நான் எங்கடா நீட்டினேன்?” என்றார். “அது பிளேடு.”

“என்ன?”

“ரேஸர் பிளேடு. அப்ப எல்லாம் டேப்புதானே. நானும் பாடிப் பாடிப் பார்த்தேன். பாதியில மூச்சு போயிடும். இன்னொரு தடவை பாடினா, முதல் பாதி சொதப்பும், பின் பாதி நல்லா வரும். ரெண்டு டேப்பையும் வெட்டி ஒட்டிட்டாங்க. நடுவுல நான் மூச்சு வாங்கின துண்டு குப்பைக்கூடைக்குப் போயிடுச்சு.” துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்த ‘வா’வை மனுஷன் எவனும் பாடினதே இல்ல தம்பி.”

நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். காது கேட்டதை மூளை வாங்கிக்கொள்ளவில்லை. கர்ப்பிணிப் பெண்கள் மூச்சுப் பயிற்சி செய்கிற வகுப்பில் அவர்களோடு உட்கார்ந்து மூச்சு பிடித்திருக்கிறேன். நீச்சல் குளத்தில் அடியில் கிடந்திருக்கிறேன். சிகரெட்டை விட்டேன். மனைவி சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. எல்லாம் எதற்கு? குப்பைக்கூடையில் கிடந்த ஒரு துண்டு டேப்புக்காக!

“பாட்டு வெளிவந்து ஊரே கொண்டாடிச்சு” என்று குரே தொடர்ந்தார். “டிவில பிரச்சனை இல்ல, இசைத்தட்டை ஓடவிட்டு வாயசைச்சா போதும். மேடையில என்ன பண்ண? ஒவ்வொரு ஊர்லயும் அந்த இடத்துல தொண்டை கிழியும். இன்னைக்குத் தொண்டை சரியில்ல போலன்னு கூட்டம் என் முகத்தையே பார்த்துட்டு அமைதியா நிக்கும். கடைசி ஊர்ல துப்பினா ரத்தம். என் சொந்தக் குரல்கிட்டயே தோத்துட்டேன்னு நினைச்சேன். விலகிட்டேன்.”

“இசையில கருத்து வேறுபாடுன்னு சொன்னாங்களே...”

“ஆமா, அந்த ஒரு ‘வா’வுக்கும் எனக்கும்தான் கருத்து வேறுபாடு.” சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். “இரு. உனக்கு இது தெரியாதா? இபுகா சொல்லலையா? முதல் நாளே சொல்லியிருப்பான்னு நினைச்சேனே.”

வாசலுக்கு வந்து இபுகா அண்ணனுக்குப் போன் போட்டேன். இரண்டு முறை எண்ணைத் தப்பாக அழுத்தினேன்.

“அண்ணே, ‘நனைந்த டிக்கெட்’ நீட்டல் ஒட்டு வேலையா?”

“ஆமா. ஒட்டும்போது டேப்போட இன்னொரு முனையை நான்தான் பிடிச்சிருந்தேன். அதுக்கு என்ன இப்ப?”

“எனக்கு ஏன் சொல்லல?”

“உனக்குத் தெரியாதா?” அவருடைய குரலில் அப்படியொரு அதிர்ச்சியை நான் கேட்டதே இல்லை. “காதுள்ளவனுக்குக் கேக்குமே, ஒரு மனுஷனால அது முடியாதுன்னு. நீ முதல் நாளே பாதியில விட்டுட்டுக் கூட்டத்துக்கிட்ட கொடுத்தே. குரே செத்துச் சுண்ணாம்பான இடத்தை இந்தப் பய ஒரே ராத்திரியில தீர்த்துட்டானேன்னு நான் அசந்து போயிட்டேன்டா. ஒருத்தனுக்குத்தான் மூச்சு தீரும், ஊருக்குத் தீராதுல்ல? மேதைன்னு நினைச்சேன்.”

“மேதையா! ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே அண்ணே!”

“குறை இருந்தாத்தானே சொல்வேன்? அந்த இடத்துல சொல்ல என்ன இருக்கு?” பிறகு, அவருக்கே உறைத்தது போல மெதுவாகக் கேட்டார். “நீ என்ன நினைச்சிட்டு இருந்தே?”

நிலையத்தில் ஒரு ரயில் வந்து நின்று போயிற்று. கோபப்பட வேண்டும் போலவும் இருந்தது, சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது. கடைசியில் ஐம்பது தாண்டிய மனிதன், கரோக்கே கடை வாசலில், குழந்தை மாதிரி அழுதேன். கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். பெரியவர்களிடம் கேட்கக் கூச்சம். அவர்களுக்கும் எடுத்துச் சொல்லக் கூச்சம். அவரவர் பங்குக்கு மரியாதையாக இருந்தோம்.

திரும்ப உள்ளே போனபோது நாலு பேரும் யோகானை வெட்டிப் பாதி தீர்த்திருந்தார்கள். நான் அழைப்பைச் சொன்னேன். ரயிலில் உருப்போட்ட வாசகத்தில் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை.

“யோக்கோஹாமாவுக்கு வாங்கண்ணே. அந்தப் பாட்டை நீங்க பாடணும்.”

“மேடைக்கா? மாட்டேன்.” குரே நகத்தைப் பார்த்துக்கொண்டார். “கூட்டத்துல ஒரு சீட்டு குடு. நான் தொண்டை கிழிஞ்சு நின்னப்ப கூட்டம் சும்மா நின்னுச்சு. பாடலாம்னு அவங்களுக்கும் தெரியல, கேக்கலாம்னு எனக்கும் தெரியல. நீ கொடுக்கற இடத்துல நானும் ஒரு தடவை பாடிப் பார்க்கணும்.”

“துண்டைக் கழட்டிட்டுப் போ” என்றார் நொபுயே அம்மா. அவர் கழற்றாமலேயே வந்தார்.

விழா நாள் பிற்பகல் அரங்கு நிரம்பி வழிந்தது. குரே கூட்டத்தில் இருப்பது எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. பக்கவாட்டில் ஏழாவது வரிசையில் அந்தத் துண்டு எனக்குத் தெரிந்தது. கடைசிப் பாட்டாக ‘நனைந்த டிக்கெட்’. மழை, டிக்கெட், நிற்கிறவன். “வா...” என்று எடுத்தேன். நிறுத்தினேன். மைக்கை நீட்டினேன்.

குனியவில்லை. இத்தனை வருஷமாக அந்த இடத்தில் நான் பார்த்தது என் செருப்பை மட்டும்தான். அன்றைக்குத்தான் தலை நிமிர்ந்து பார்த்தேன், அப்படியே உறைந்து போனேன். ஆயிரக்கணக்கான வாய்கள் திறந்திருந்தன. கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவர்கள், அழுதுகொண்டே பாடுகிறவர்கள், பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடித்துக்கொண்டு பாடுகிறவர்கள். இங்கே ஒருவர் மூச்சு வாங்க, அங்கே ஒருவர் பிடித்துக்கொள்ள, அந்த ‘வா’ ஒட்டுப் போடாமலேயே நீண்டுகொண்டு போயிற்று. இதையா நான் இருபத்தேழு வருஷம் பார்க்காமல் விட்டேன்? ஏழாவது வரிசையில் குரேவின் முகம் சிவந்திருந்தது. பாதியில் மூச்சு தீர்ந்து, துண்டால் வாயைத் துடைத்து, பக்கத்துப் பெண் பாடுவதைக் கேட்டு, மறுபடி மூச்சு இழுத்துச் சேர்ந்துகொண்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நீட்டல் முடிந்தது. அடுத்த வரியை நான் எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. மறந்தே போயிற்று. இபுகா அண்ணன் கிடாரில் ஒரு சுற்று சும்மா சுற்றி, என்னை முறைத்து, இன்னொரு சுற்றும் சுற்றினார்.

உடைமாற்றும் அறைக்குள் நுழைந்ததும் கிடாரைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டார். “அந்த இடத்துல எங்கடா போனே? வாயைப் பிளந்துட்டு நிக்கிறே! முப்பது வருஷம் ஆகப்போகுது, இன்னும் வரி எடுக்கத் தெரியலையா?”

இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக அந்த இடத்துக்காக அவரிடம் திட்டு வாங்கினேன்.